கௌப்பாவின் நீலக் காலர்

பிபியானாவிடம் கிழிந்த துணியைக் கொடுத்தால் புது உடுப்போடு ஒரு சின்னப் பையும் திரும்பி வரும். எங்கள் குடியிருப்பில் எல்லோரும் முதலில் கையை நீட்டுவது அந்தப் பைக்குத்தான். உடுப்பெல்லாம் அப்புறம்.

லே துறைமுக நகரத்தில் தையல்காரிகளுக்குப் பஞ்சமே இல்லை. சந்தைக்கு வெளியே குடைக்குக் குடை ஒருத்தி மெஷினோடு உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் பும்பு ஆற்றங்கரையில் இருக்கிற நாங்கள் யாரும் அவர்களிடம் போவதில்லை. அவர்கள் வெட்டிப் போடுகிற துண்டு காற்றில் பறக்கும், சாக்கடையில் விழும், எவன் கைக்கு வேண்டுமானாலும் போகும். கழுத்திலும் அக்குளிலும் வேர்வை ஊறின துணி அது. வேண்டாதவன் ஒருவன் கையில் அகப்பட்டால் அதை இலையில் சுற்றி எந்த நெருப்புக்கு மேலே தொங்கவிடுவான், துணிக்குச் சொந்தக்காரன் எப்படிக் காய்ச்சலில் காய்ந்து சாவான் என்பதெல்லாம் இங்கே குழந்தைக்கும் தெரியும். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், பாட்டுக் குழுவில் முதல் வரிசையில் நிற்கிறவள். ஆனாலும் சீப்பில் முடி சிக்கினால் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் நகர்வேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

பிபியானாவின் வேலை வேறு தினுசு. துணியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பாள். எங்கே நைந்திருக்கிறதோ அங்கே வெளிச்சம் பொத்துக்கொண்டு வரும். அந்த இடத்தைச் சோப்புத் துண்டால் கோடு போட்டு ஒதுக்குவாள். பிளேடால் தையலைப் பிரிப்பாள், பிரித்த நூலைக்கூட விரலில் சுற்றி வைத்துக்கொள்வாள். வெளுத்துப்போன துணியின் உள்புறத்தை வெளியே திருப்புவாள். மடிப்புக்குள் வெயில் படாமல் கிடந்த பழைய நிறத்தைத் தேடியெடுத்து அதைக் கழுத்துக்கு வைப்பாள். கிழிந்த இரண்டு மெரி ப்ளவுஸ் சேர்ந்து ஒன்றாகும். முட்டி தேய்ந்த கால்சட்டை ஒரு குழந்தைக்குப் பாவாடையாகும். எங்கள் பெண்களின் மெரி ப்ளவுஸ்தான் தெரியுமே, தோளிலிருந்து கூடாரம் மாதிரி தொங்கும். அதில் எத்தனை ஒட்டு இருந்தாலும் சுருக்கத்துக்குள் மறைந்துவிடும்.

வேலை முடிந்ததும் அவள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கிடத்துவது என்று அதற்குப் பெயர். சொந்தக்காரரை உட்காரவைத்து, பாயை விரித்து, அதன்மேல் பழைய சட்டையைத் திரும்பக் கிடத்துவாள். புது உடுப்பை நடுவில் வைத்து, இது முதுகு, இது இடது கை என்று தொட்டுக் காட்டுவாள். மிச்சத் துண்டுகளை அதனதன் இடத்தில் சுற்றிலும் பொருத்துவாள். ஆள் ஒருவன் மல்லாந்து கிடப்பது போலவே இருக்கும். எதுவும் குறையவில்லை என்று சொந்தக்காரர் சொன்ன பிறகு, துண்டுகளை வாரி, அதே துணியில் தைத்த பைக்குள் போட்டு, வாயைத் தைத்துக் கொடுப்பாள்.

“உங்க வேர்வை உங்ககிட்டயே” என்பாள்.

சொந்தக்காரர் தன் கையாலேயே அந்தப் பையை ஆற்றில் போட வேண்டும். இன்னொருவரிடம் கொடுத்துப் போடச் சொல்லக் கூடாது. நெருப்பில் போடுவது பற்றி நினைக்கவே கூடாது. ஓடுகிற தண்ணீர் வேர்வையைக் குளிரவைக்கும். நெருப்பு, வேர்வைக்குச் சொந்தக்காரனையே சுடும்.

இவ்வளவு ஜாக்கிரதை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவள் சிம்பு மலைக்காரி. புருஷன் கியாகே துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் காவல்காரனாக இருந்தான். ஒரு நாள் வேலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனான். பிணத்தை மலைக்குக் கொண்டுபோன அவன் ஆட்கள், பெண்டாட்டியும் வரட்டும், கேட்க வேண்டியதைக் கேட்போம் என்றார்கள். அவள் போகவில்லை. கியாகேயின் அத்தை ஒருத்தியை முன்பு அதே ஊரில் சூனியக்காரி என்று சொல்லி அப்படித்தான் கேட்டார்களாம். கட்டிவைத்து, இரும்பைக் காய்ச்சி... அவள் சொல்லிக்கொண்டே போக, நான் பாதியில் காதைப் பொத்திக்கொண்டேன். ஆகவே மேலே போனால் அவர்கள். கீழே எங்களை விட்டால் அவளுக்கு நாதி இல்லை.

வெட்டித் தைப்பதே பிழைப்பாக இருந்தவள் வெட்டாமல் வைத்திருந்த துணி ஒன்றே ஒன்று. கியாகேயின் நீலக் காவல் சட்டை. மெஷினுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். துவைத்ததும் இல்லை.

“துவைச்சா அவரு போயிடுவாரு அக்கா” என்பாள்.

நான் அவள் வீட்டுக்கு எதிர்ப்புறம் மாவு உருண்டை பொரித்து விற்கிறேன். அங்கிருந்து பார்த்தால் அவள் வீட்டுக்குள் யார் வருகிறார்கள், என்ன கொண்டு வருகிறார்கள் எல்லாம் தெரியும். அதனால்தான் இந்தக் கதையை நான் சொல்கிறேன், வேறு யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

தெக்லா தன் புருஷன் கௌப்பாவின் பழைய நீலக் காவல் சட்டையைக் கொண்டுவந்தாள். கௌப்பாவும் மலைக்காரன்தான், அதே கிடங்கில் காவல்காரன். எருமைக் கழுத்து, இடிச் சிரிப்பு. கொஞ்ச நாளாக அவன் மலைச் சந்தையில் பாக்கு விற்கிற ஒருத்தியை இரண்டாவதாகக் கொண்டுவரப் போகிறான் என்று பேச்சு. தெக்லாவின் முகம் வீங்கியே இருந்தது.

“பாப்பாவுக்கு ஒரு கவுன் வரும்ல?” என்றாள்.

“உன் புருஷன் சைசுக்கு ரெண்டு கவுனும் கோழிக்கூண்டுக்குத் திரையும் வரும்” என்றாள் பிபியானா. தெக்லா சிரிக்கவில்லை.

பிபியானா அங்கேயே உட்கார்ந்து தையலைப் பிரித்தாள். காலரைத் தனியே எடுத்து மெஷின் பலகையில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. லேயில் மழைக்கு நேரம் காலம் ஏது? கொடியில் கிடந்த துணிகளை அள்ள அவள் ஓட, நானும் என் மாவுச் சட்டியை மூடிவிட்டு ஒத்தாசைக்கு ஓடினேன். நாங்கள் நனைந்து திரும்பியபோது தெக்லா கிளம்பியிருந்தாள்.

கவுன் தயாரானதும் வாங்கிக்கொள்ள தெக்லாவோடு, அண்ணனுக்குப் பதிலாக, அவள் கொழுந்தன் வைனேயும் வந்தான். அண்ணன் சிரித்துச் சத்தம் போடுகிறவன் என்றால் தம்பி பேசாமல் பார்க்கிறவன். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. பிபியானா பாயை விரித்துக் கிடத்தினாள். முதுகு, கை, பை மூடி, பட்டன் பட்டி. கழுத்துக்கு வந்தபோது அவள் கை வெறும் பாயைத் தடவிக்கொண்டு நின்றது.

“காலர் எங்க?” என்றான் வைனே.

“இங்கதான் அண்ணே... இங்க வெச்சிருந்தேன்.”

அவள் பலகையைத் தூக்கினாள், டப்பாவைக் கவிழ்த்தாள், தன் பாவாடையை உதறினாள். பாயில் கௌப்பா தலையும் கழுத்தும் இல்லாமல் கிடந்தான். தெக்லா தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

“கெடைச்சிடும் அண்ணே. கெடைச்சதும் நானே கொண்டாந்து தரேன்.”

“கெடைக்கணும்” என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அந்த வாரமே கௌப்பா படுத்தான். முதலில் தலைவலி என்றார்கள். பிறகு வயிறு ஊதிவிட்டது, உளறுகிறான் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் டைபாய்டு என்று சொன்னதாக நான் உருண்டை வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

“டைபாய்டு யாருக்கு வேணா வரும். இவனுக்கு ஏன் இப்ப வந்துச்சு? அதைச் சொல்லு” என்றாள் ஒருத்தி.

உண்மையைச் சொன்னால் அதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. அன்று பிபியானா உருண்டை வாங்க வந்தபோது உருண்டை மடித்துத் தருகிற இலைக்கட்டை, என் கைவேர்வை பட்டதாயிற்றே என்று, சட்டென்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி போய்விட்டாள். எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது, நேரே அவள் வீட்டுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வைனே வந்தபோதும் அங்கேதான் இருந்தேன். கூட நாலைந்து பேர், கையில் வெட்டுக்கத்தி. தோட்டத்துக்குப் போகிறவர்கள் வைத்திருப்பதுதான், ஆனால் அவர்கள் தோட்டத்துக்குப் போகவில்லை.

“யாருக்குக் குடுத்த?” என்றான்.

“அண்ணே, நான் யாருக்கு அண்ணே குடுப்பேன்? இத்தனை வருஷத்துல ஒரு நூலாவது குறைஞ்சிருக்கா? கேட்டுப் பாருங்க.”

“அதான் கேக்கறேன். இத்தனை வருஷம் குறையல. இப்ப ஏன் குறைஞ்சுது?”

நான் வாயைத் திறந்தேன். “தம்பி, டாக்டரு...”

“மாவு உருண்டை, நீ உன் எண்ணெயைப் பாரு” என்றான், திரும்பிக்கூடப் பார்க்காமல். பிறகு அவளிடம் சொன்னான்: “ஞாயித்துக்கிழமை பூசை முடியட்டும். எல்லாரும் வருவோம். சட்டையை முழுசா கெடத்திக் காட்டு. காலரு வந்தா எடுத்துட்டுப் போறோம். வரலைன்னா நாங்க கேக்கற மாதிரி கேப்போம்.”

கேட்பது என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததும் பிபியானா படியைப் பிடித்துக்கொண்டாள். மலைக்காரர்கள் அந்தச் சொல்லை எந்த அர்த்தத்தில் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கும் தெரிந்திருந்தது.

தேடினோம். வீட்டுக் கால்களுக்கு இடையே படுத்து ஊர்ந்து தேடினோம். பலகை இடுக்கில் கம்பி விட்டுக் கிளறினோம். கோழிக்கூண்டைக் கலைத்தோம். எலி வளையைத் தோண்டினோம். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டே போனது, ஒருவரும் குனிந்து ஒரு கை கொடுக்கவில்லை. நேற்று வரை பழந்துணிப் பொட்டலத்தோடு வந்து நின்றவர்கள், இப்போது அவள் வீட்டைக் கடக்கும்போது துண்டைக் கழுத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

“போலீஸுக்குப் போவோம்டி” என்றேன்.

“வருவாங்க. எழுதிக்குவாங்க. அப்புறம் போயிடுவாங்க. நான் இங்கதானே அக்கா இருக்கணும்?”

“அப்ப பஸ் ஏறு. எங்க ஊருக்குப் போ, கடல் பக்கம், என் தங்கச்சி இருக்கா.”

“ஓடினா நான்தான்னு ஆயிடும். உங்க தங்கச்சி வீட்டையும் சேர்த்துக் கொளுத்துவாங்க.”

சோறு இறங்கவில்லை அவளுக்கு. வெளியே யாராவது விறகு உடைத்தால்கூடத் துள்ளி எழுந்தாள். அவள் கைகள் மட்டும் சும்மா இருக்கத் தெரியாமல் மடியில் கிடந்த துணியைப் பிரித்துக்கொண்டே இருந்தன. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஒரு துண்டுத் துணிக்காக ஒரு மனுஷியை இப்படியா வதைப்பது?

சனிக்கிழமை கொட்டுகிற மழை. பொரிக்க முடியாது, அதனால் அவள் வீட்டில் இருந்தேன். அவள் வெகுநேரம் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கியாகேயின் சட்டையை எடுத்து மடியில் போட்டு, பிளேடைக் கையில் எடுத்தாள்.

“ஏய், என்ன பண்ற?”

“ஒரே கம்பெனித் துணி அக்கா. ஒரே நீலம்.”

புரிந்ததும் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். “அது கியாகேவோட வேர்வைடி. அவனுங்க கையில போயி...”

“போகட்டுமே. செத்தவரை இனிமே யாரு என்ன பண்ண முடியும்?” என்றாள். “உசுரோட இருக்கறவன் வேர்வையை எடுத்தா பாவம். இவரு வேர்வை யாரையும் ஒண்ணும் பண்ணாது.”

சொன்னாளே தவிர, முதல் தையலைப் பிரிக்கும்போது சட்டையை முகத்தில் வைத்து ஒரு தடவை மோந்தாள். அப்புறம் அழாமல் பிரித்தாள். மழை தகரத்தில் அடித்த சத்தத்தில் மெஷின் ஓடியது வெளியே கேட்கவில்லை. கியாகேவுக்கு ஒல்லிக் கழுத்து. காலர் கௌப்பாவுக்குப் போதாது. சட்டையின் அடிப்பகுதியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, காலரின் நடுவில், மடித்தால் தெரியாத இடத்தில் ஒட்டுப் போட்டாள். ஒட்டு மட்டும் சுத்தமாக இருந்தது. அதைத் தன் பிடரியில் தேய்த்தாள். போதவில்லை. என் சட்டி மூடியில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை நான்தான் எடுத்துத் தடவினேன். அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு வருவது எனக்கும் வரும் என்று ஆகிவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்து கூட்டமாக வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டவர்கள், பாட்டுப் புத்தகம் வைத்திருந்தவர்கள், வெட்டுக்கத்தி வைத்திருந்தவர்கள். ஒருவன் மண்ணெண்ணெய் டப்பா வைத்திருந்தான். தெக்லாவை முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

பிபியானா பாயை விரித்தாள். கவுனை நடுவில் வைத்தாள். முதுகு. கை. பை மூடி. பட்டன் பட்டி. கடைசியாகக் காலர். அது நேராக உட்காரவில்லை, இரண்டாம் தடவை சரிசெய்தாள்.

“எங்க இருந்துச்சு?” என்றான் வைனே.

“வீட்டுக்கடியில” என்று நான் முந்திக்கொண்டேன். “எலி இழுத்துட்டுப் போயிருக்கு. நான்தான் எடுத்தேன்.”

வைனே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். காலரைத் தொடவில்லை. ஒரு குச்சியால் புரட்டினான். மடிப்பைக் குச்சியால் விரித்தான். ஒட்டு இருந்த இடத்துக்கு விரற்கடை தூரத்தில் குச்சி நின்றது. மேலே யாரோ இருமினார்கள். எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது, வெட்கத்தைப் பார்த்தால் முடியுமா, இதுதான் உண்மை.

“அண்ணி, நீங்கதானே துவைக்கிறது? இது அண்ணனோடதுதானா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க” என்றான்.

அப்போதுதான் நாங்கள் இருவரும் ஒரேயடியாக மறந்துபோன விஷயம் எனக்கு உறைத்தது. அந்தக் காலரை வருஷக்கணக்காகக் கல்லில் தேய்த்தவள் தெக்லா. அவளை ஏமாற்ற முடியுமா? பிபியானாவும் அதை நினைத்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டாள்.

தெக்லா குனிந்து பார்த்தாள். கையில் எடுத்தாள். உள்பக்கம் திருப்பினாள். ஒட்டின்மேல் அவள் கட்டைவிரல் நின்றதை நான் பார்த்தேன்.

“அவரோடதுதான்” என்றாள்.

கூட்டம் மூச்சுவிட்டது. மண்ணெண்ணெய் டப்பாக்காரன் முதலில் நழுவினான். வைனே எல்லாவற்றையும் பைக்குள் போடச் சொல்லி, வாயைத் தைக்கவைத்து, கையில் வாங்கிக்கொண்டான். அண்ணனே எழுந்துவந்து ஆற்றில் போடட்டும் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கட்டிலுக்கு அடியில் வைத்தார்களாம். அதற்கு முன்பே மருந்து பிடித்துக் காய்ச்சல் இறங்க ஆரம்பித்திருந்தது. ஆனால் ஊரில் கேட்டால், காலர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கே கௌப்பா கண்ணைத் திறந்தான் என்பார்கள்.

அவர்கள் போன பிறகு நான் ஆண்டவருக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தேன். பிபியானா என் கையைப் பிடித்தாள்.

“அவளுக்குத் தெரிஞ்சுது அக்கா. தெரிஞ்சும் பொய் சொன்னா.”

“நல்லவதான்டி. உன்னைக் காப்பாத்திட்டா.”

“இல்ல. நெசக் காலரு எங்கேயோ இருக்கேன்னு அவ பயந்திருக்கணும். புருஷன் படுத்திருக்கான், பதறியிருக்கணும். அவ பதறல. ஏன்?”

பதில் தானாகவே வந்தது. மறுநாள் வெயிலில், ஊர் சந்தைக்குப் போயிருந்த நேரம், தெக்லா உள்ளே நுழைந்தாள். கிழங்கு வாங்குகிற நூல்பையில் கையை விட்டு, இலையில் சுற்றிய ஒன்றை மெஷின்மேல் வைத்தாள். பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. விறகுப் புகை நாற்றம் அடித்தது.

“மழை வந்தப்ப எடுத்தேன்” என்றாள். நின்றபடியே அழுதாள். “அந்தப் பாக்குக்காரி வந்துடுவான்னு... ஒருத்தர்கிட்ட கேட்டேன். புருஷன் வேர்வைத் துணியை அடுப்புக்கு மேல கட்டு, மனசு உன் பக்கம் உருகும்னாரு. மனசு உருகல, உடம்புதான் எரிஞ்சுது. நான்தான் அவரை எரிச்சேன். நீங்க மாட்டிக்கிட்டீங்க. சொல்ல வாய் வரல.”

எனக்கு அவளை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது. “இவ செத்திருப்பாடி! உன் கண்ணு முன்னாடி!” என்றேன்.

“தெரியும் அக்கா” என்றாள். அவ்வளவுதான். ஓடிவிட்டாள், காலரை விட்டுவிட்டு.

எந்தப் பொருளை வைத்திருக்கிறாள் என்று பொய்யாகக் குற்றம் சாட்டினார்களோ, அது இப்போது மெய்யாகவே பிபியானா வீட்டில் இருந்தது. நெருப்பில் போட முடியாது. அவள் கையால் ஆற்றிலும் போடக் கூடாது. அதற்குப் பிறகு கௌப்பாவுக்கு ஒரு தும்மல் வந்தாலும் அவள் நிம்மதியாக மூச்சுவிட முடியுமா? தெக்லாவிடம் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. கியாகேயின் காலர் இல்லாத சட்டைக்குள் அதைச் சுருட்டி வைத்து, ஆணியில் மாட்டினாள்.

“காவல்காரருதானே. காவல் இருக்கட்டும்” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை.

வைனே தினமும் அந்த வழியாகப் போனான். போகும்போது உள்ளே பார்ப்பான். அவன் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவள் மெஷின் நிற்கும். தைக்க வருகிறவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கிடத்திக் காட்டு, கிடத்திக் காட்டு என்று முன்பைவிட அதிகமாகக் கேட்டார்கள். அவளும் கிடத்தினாள். அவர்கள் தலைக்கு மேலே ஆணியில் அந்தச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நான் எதிர்ப்புறத்திலிருந்து உருண்டையைக் கருகவிட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கௌப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். அவனா அது! கழுத்து இருந்த இடத்தில் நரம்புதான் இருந்தது. வந்த அன்றே தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு போய் அந்தப் பையை ஆற்றில் போட்டான், ஊரே கை தட்டியது. பாவம் கியாகே, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் தண்ணீரோடு போனான். இரண்டாவது பெண்டாட்டிப் பேச்சும் அந்தக் காய்ச்சலோடு போய்விட்டது. நடக்கவே தெம்பில்லாதவனுக்கு மலைச் சந்தை எங்கே?

கொஞ்சம் தேறியதும் பிபியானாவிடம் வந்தான், கையில் சட்டைகளோடு.

“எல்லாம் கூடாரமாட்டம் இருக்கு. பிடிச்சுக் குடு” என்றான். “என்னால உனக்குத் தொந்தரவு. தம்பி அவசரக்காரன்.”

அவனுக்கு அவ்வளவுதான் மன்னிப்புக் கேட்கத் தெரியும். பிபியானா தலையை ஆட்டினாள். அவள் கண் மட்டும் ஆணிக்குப் போய்விட்டு வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

பிடித்துத் தைத்த சட்டைகளின் ஓரத்தில் நிறையத் துண்டு விழுந்தது. அதில் ஒரு பை தைத்தாள், இந்தத் தடவை இரட்டைத் துணியில். இரண்டு துணிக்கும் நடுவே நெசக் காலரைத் தட்டையாக வைத்து நாலு பக்கமும் தைத்தாள். அவன் வந்த அன்று, முள்கரண்டியும் கையுமாக நான் படியில் நிற்க, பாயில் கிடத்தினாள், ஒவ்வொரு துண்டாகக் காட்டினாள். அவன் சரி சரி என்றான். எல்லாவற்றையும் பைக்குள் போட்டு வாயைத் தைத்து நீட்டினாள்.

“உங்க வேர்வை உங்ககிட்டயே அண்ணே.”

அவன் பையைக் கையில் நிறுத்துப் பார்த்தான். “என்ன, கனமா இருக்கு?”

“ரெட்டைத் துணி. ஆத்துல சீக்கிரம் முழுகணும்ல.”

சிரித்தான். பழைய இடிச் சிரிப்பில் கால்வாசி. பிறகு, ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, பையை மூக்குக்குக் கொண்டுபோனான். சிரிப்பு நின்றது. இன்னொரு தடவை மோந்தான். பையின் ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்ல நசுக்கிக்கொண்டே போனான். காலரின் முனை குத்திய இடத்தில் விரல் நின்றது.

“உன் வீட்டுல மண்ணெண்ணெய் அடுப்புதானே?” என்றான்.

“ஆமா அண்ணே” என்றாள் பிபியானா.

“மாவு உருண்டை, நீ?”

“கேஸு” என்றேன்.

அவன் திரும்பித் தன் வீட்டுப் பக்கம் பார்த்தான். அங்கே கூரையின் இடுக்கு வழியாக தெக்லாவின் விறகு அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. மத்தியானச் சமையல். கத்துவான், தம்பியைக் கூப்பிடுவான், இன்றைக்கு இன்னொருத்தியைக் கட்டிவைத்துக் கேட்பார்கள் என்று நான் என் மர முள்கரண்டியை இறுக்கிப் பிடித்தேன். அறைய நினைத்த என் கையே, கடவுளே அவளை விட்டுவிடு என்று கும்பிட்டது.

அவன் யாரையும் கூப்பிடவில்லை. சட்டைகளை அங்கேயே போட்டுவிட்டு, நோயாளி நடையில் கரைக்குப் போய்ப் பையை வீசினான். அது கொஞ்ச தூரம் மிதந்து போய் முழுகியது. அவன் திரும்பி வந்தபோது முகம் வெளிறிக் கிடந்தது. அவ்வளவு பெரிய ஆளின் முகத்தில் நான் அதுவரை பயத்தைப் பார்த்ததில்லை. சட்டைகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனான்.

கௌப்பா திருந்திவிட்டான், பெண்டாட்டியிடம் ஒரு சத்தம் இல்லை, தட்டில் போட்டதைத் தின்றுவிட்டுப் போகிறான் என்று ஊர் பேசுகிறது. தெக்லாவின் முகத்தில் வீக்கம் இல்லை. ஆனால் வெயில் வந்த நாளில் அவன் ஆற்றங்கரைக் கல்லில் தனியாக உட்கார்ந்திருப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள், ஆஸ்பத்திரி அவனுக்குப் புத்தி கொடுத்தது என்று சிரிக்கிறார்கள். பிபியானாவும் நானும் சிரிப்பதில்லை. கௌப்பா தன் சட்டையைத் தானே துவைக்கிறான்.